கணவர் சென்னையில் போட்ட விவாகரத்து வழக்கைச் சேலத்துக்கு மாற்ற முடியுமா?

கைக்குழந்தையோடு சேலத்தில் அம்மா வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24-ஆம் பிரிவின் கீழ் 'டிரான்ஸ்ஃபர் சி.எம்.பி.' என்ற மாற்றல் மனு போட வேண்டும். கணவர் பெங்களூர் போல வேறு மாநிலத்தில் போட்டிருந்தால் 25-ஆம் பிரிவு. அதற்கு உச்ச நீதிமன்றம் போக வேண்டும்.

பெண் கேட்டாலே கிடைத்துவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். இத்தகைய வழக்குகளில் பொதுவாக மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதே நீதிமன்றம் 2006-இல், இந்தச் சலுகை தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி ஒரு மனைவியின் மனுவைத் தள்ளி, போக்குவரத்து, தங்கும் செலவைக் கணவர் தரட்டும் என்று முடித்தது. அதனால் பிரமாணப் பத்திரத்தில் வெறுமனே 'சிரமமாக உள்ளது' என்று எழுதினால் கணவர் தரப்பு 'ரயில் டிக்கெட் எடுத்துத் தருகிறோம்' என்று நிற்கும். குழந்தையின் வயது, பால்குடி மறந்ததா, துணைக்கு வர வீட்டில் யார் உண்டு, வருமானம் என்ன, ஒரு வாய்தாவுக்கு, ஒரு வழிக்கே ஏறத்தாழ 340 கிலோமீட்டர், போய்வர எத்தனை நாள் போகிறது என்று எழுதுங்கள். பிறப்புச் சான்று, சேலம் முகவரிக்கான சான்று, மருத்துவச் சீட்டு வைக்கவும். மிரட்டல் என்று எழுதினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீதாவது வேண்டும்.

சேலத்தில் ஜீவனாம்ச வழக்கு (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 144-ஆம் பிரிவு) நடந்தால் மனுவுக்குப் பலம்: எப்படியும் கணவர் அங்கே வந்தாக வேண்டும். ஆனால் போட்டிக்கு அங்கே ஒரு விவாகரத்து வழக்கைப் போட்டுவிடாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 21-ஏ பிரிவின்படி, பின்னால் போட்டது முன்னால் போட்ட நீதிமன்றத்துக்குப் போகும்; அதாவது சென்னைக்கே.

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: மாற்றல் மனு போட்டதாலேயே சென்னை வழக்கு நின்றுவிடாது. கூடவே ஸ்டே (இடைக்காலத் தடை) கேளுங்கள். அது வரும்வரை சென்னையில் ஒரு வழக்கறிஞர் மூலம் வக்காலத்துப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் மனு நிலுவையில் இருப்பதாக மெமோ கொடுத்து வாய்தா வாங்குங்கள். வாய்தாவுக்கு யாருமே போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு, வரும். அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் தனி மனுவோடு ஓட வேண்டும். சாட்சி விசாரணை முடிந்து வாதத்துக்கு வந்த வழக்கை மாற்றுவதும் கடினம், ஆகவே முதல் வாய்தாக்களிலேயே செய்யுங்கள்.

உத்தரவு கிடைத்ததும் நகலைச் சென்னை நீதிமன்றத்தில் நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வழக்குக் கட்டு அங்கேயே கிடக்கலாம். சேலத்தில் வழக்குக்குப் புது எண் விழும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.