அந்தக் காட்சியை ஓட்டிவிடலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

விடுமுறையில் என் ஏழு வயது மகளோடு ‘இன்சைட் அவுட்’ அனிமேஷன் படம் பார்த்தேன். ரைலி என்ற சிறுமியின் கற்பனைத் தோழன் பிங் பாங் மறைந்துபோகும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். “பிள்ளையை அழவைக்கவா படம் போட்டே?” என்று மாமியார் கடிந்துகொண்டார். இப்போது மகள் மறுபடியும் அதே படம்தான் வேண்டும் என்கிறாள். அந்தக் காட்சியை மட்டும் காட்டாமல் வேகமாக ஓட்டிவிடலாமா? இரண்டாம் பாகத்தைக் காட்டலாமா?

ர.

அன்புள்ள ர.,

ஓட்டிவிட வேண்டாம். முழுதாகவே பார்க்கட்டும். அழுத பிறகும் அதே படத்தைக் கேட்கிறாளே, அந்த அழுகை அவளுக்குத் தேவையாக இருந்திருக்கிறது.

இந்த முறை அதற்கு முன்னால் வரும் ஒரு சின்னக் காட்சியைக் கவனியுங்கள். ரைலியோடு நிலாவுக்குப் போக பிங் பாங் வைத்திருந்த ராக்கெட் வண்டியைக் குப்பைக் குழியில் தள்ளிவிடுகிறார்கள். ரைலியின் மனதுக்குள் இருக்கும் உணர்ச்சிகளே இந்தப் படத்தின் பாத்திரங்கள். அவர்களில் மகிழ்ச்சி அவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணிக் காட்டுகிறாள். அவன் அசையவில்லை. சோகம் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டார்களே என்கிறாள். அவன் பேசுகிறான், மிட்டாய் மிட்டாயாகக் கண்ணீர் விடுகிறான், பிறகு தானே எழுந்து வழிகாட்டக் கிளம்புகிறான். மகிழ்ச்சிக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை.

இயக்குநர் பீட் டாக்டருக்கும் இது உடனே பிடிபடவில்லை. கலகலப்பாக இருந்த தன் மகள் பதினோரு வயதுவாக்கில் ஒடுங்கிப்போனதைப் பார்த்துத்தான் அவர் இந்தக் கதையைத் தொடங்கினார். முதலில் மகிழ்ச்சியோடு பயணம் போவதாக இருந்தது பயம். வெகுதூரம் வேலை நடந்த பிறகே அந்த இடத்துக்குச் சோகத்தைக் கொண்டுவந்தார். 2015இல் வந்த படம் இன்றும் நிற்பது அந்த ஒரு மாற்றத்தால்தான் என்பேன்.

எனக்கு அதிகம் வலித்தது வேறொரு இடம். மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த புதிதில், அப்பாவுக்குத் தொழில் நெருக்கடி, நீ சிரித்த முகமாக இருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்று அம்மா ரைலியிடம் அன்பாகக் கேட்கிறாள். அவள் கெட்ட அம்மா இல்லை. “அப்பா களைச்சு வர்றார், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே” என்று நாமும் சொல்கிறோம் இல்லையா? அதற்குப் பிறகு ரைலிக்கு வீட்டில் அழ இடமில்லாமல் போகிறது. வீட்டைவிட்டே ஓடப் பார்க்கிறாள். கடைசியில் திரும்பி வந்து, ஊர் ஞாபகமாக இருக்கிறது என்று அழும்போதுதான் பெற்றோர் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் என்கிறார்கள். அவள் அழுததால்தான் அந்த அணைப்பு கிடைத்தது. மாமியாரையும் கூட உட்காரவைத்து இந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, 2024இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அவசரமில்லை. ரைலிக்கு அதில் பதிமூன்று வயது. பதற்றம் தலைமையைப் பிடித்துக்கொள்ள, ஹாக்கி ஆட்டத்தின் நடுவே மூச்சுமுட்டித் தவிக்கிறாள். சில வருடங்கள் போகட்டும். பிங் பாங் திரும்பி வருவானா என்று மகள் கேட்டால், வரமாட்டான் என்றே சொல்லுங்கள். அடுத்த பாகத்தில் வருவான் என்று ஆசை காட்ட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா