கதவில் சாவி போட்டதும் கூ அடிக்கிறார்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. வெள்ளவத்தையில் ஃபிளாட் ஒன்றில் இருக்கிறோம். மூத்தவனுக்கு 15, அடுத்த வருஷம் ஓ.எல். சின்னவனுக்கு 11. இரண்டு பேருக்கும் ரெஸ்லிங் பைத்தியம். பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை 'ரோ' என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சி பார்க்க விடிய ஐந்தரைக்கே தாங்களாக எழும்பிவிடுவார்கள். போன டிசம்பரில் ஜோன் சீனா தோற்றதற்கு மூத்தவன் அழுதான், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிலில் ஏறி மெத்தை மேல் ஒருவன் மேல் ஒருவன் பாய்கிறார்கள். எல்லாம் எழுதி வைத்த நாடகம் என்று சொன்னால் "அது எங்களுக்குத் தெரியும் அம்மா" என்கிறார்கள். தெரிந்தும் எதற்கு அழுகை? படிக்காவிட்டால் அப்பாவிடம் சொல்வேன் என்று வெருட்டித்தான் புத்தகத்தை எடுக்க வைக்கிறேன். கெட்ட பிள்ளைகள் என்றும் சொல்ல முடியாது, நல்ல பகிடிக்காரர்கள். அவர் கதவில் சாவி போடும் சத்தம் கேட்டதும் மூத்தவன் ஃபோனில் ஒரு மியூசிக் போடுவான். சின்னவன் கரண்டியை மைக் மாதிரிப் பிடித்து அப்பாவின் பெயரையும் நிறையையும் அறிவிப்பான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து 'பூ' என்று கத்துவார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவருக்கும் இப்போது கந்தோரில் வேலை கூட, எட்டரைக்கு முன்னர் வருவதில்லை. பிள்ளைகளைக் கவனிப்பது முழுக்க என் தலையில். இந்த ரெஸ்லிங்கை எப்படி நிறுத்துவது?

– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ரெஸ்லிங் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கிரிக்கெட் இருந்தது, அப்புறம் ஃபோன் கேம் வந்தது. 'இந்த வயதில் பிள்ளைகள் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்' என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பக்கத்து ஃபிளாட்காரியே உங்களுக்குச் சொல்லியிருப்பார், என்னிடம் வரத் தேவையில்லை. என் கண் போய் நின்றது வேறோர் இடத்தில். நல்ல பகிடிக்காரர்கள் என்று எழுதினீர்களே, அங்கே.

பகல் முழுக்க வேலை செய்து, காலி வீதி பஸ்ஸில் நசுங்கி வந்து, சொந்த வீட்டுக் கதவைத் திறக்கிற மனிதனுக்கு நீங்கள் மூன்று பேரும் கொடுக்கும் வரவேற்பு அது. 'பூ' என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு நம்மிடம் 'கூ அடிப்பது' என்று பெயர் இருக்கிறது. சிங்களத்தில் 'ஹூ'. பிக் மெட்சில் எதிர்ப் பள்ளிக்கூடத்துக்காரன் அவுட்டாகிப் போகும்போது அடிப்பது. 'பூ' என்று எழுதியதால் அது பகிடியாகிவிடாது. மூன்று பேர் என்றுதான் சொல்கிறேன், பிழையாக எண்ணவில்லை. பிள்ளைகள் கத்தினார்கள், நீங்கள் சிரித்தீர்கள். தாய் சிரிக்கிற இடத்தில் பிள்ளை அடுத்த நாள் இன்னும் பலமாகக் கத்துவான்.

ரெஸ்லிங் தெரியாத கிழவி பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் என் மகனுடைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்ட் கட்டைப் பிடுங்கி லாச்சிக்குள் பூட்டியவள் நான். (இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவனுக்குச் சொல்லவில்லை.) என் தங்கையின் மகன் முப்பத்தைந்து வயதாகியும் இதை விடவில்லை. கொட்டாஞ்சேனையில் அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு நானும் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

எழுதி வைத்த நாடகம்தான். 1989இல் ரெஸ்லிங் நடத்தும் அந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில செனட்டுக்கு, இது உண்மையான போட்டி இல்லை, சனத்தை மகிழ்விக்கும் காட்சி என்று சொல்லிவிட்டது. விளையாட்டுக்குரிய சட்டதிட்டங்கள் தன் மேல் விழாமல் இருப்பதற்காக. நீங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுடைத்த இரகசியம் அவர்கள் பிறக்க முன்னரே உடைந்துவிட்டது. தெரிந்தும் ஏன் அழுகிறார்கள் என்றால், காத்தான் கூத்தில் காத்தவராயன் கழுமரம் ஏறும்போது விடிய விடியக் குந்தியிருந்து அழுத நம் சனத்துக்கு அது மரமில்லை, வெறும் வேஷம் என்று தெரியாதா? அழட்டும். அது ஒரு குறையே இல்லை.

இதில் எழுதி வைக்க முடியாதது ஒன்றுதான், கூட்டம். கெட்டவனாக வருகிறவனை அங்கே 'ஹீல்' என்பார்கள், நல்லவனை 'ஃபேஸ்'. யார் ஹீல் என்று கம்பெனி தீர்மானிக்கும். கூவா கைதட்டா என்பதை டிக்கட் எடுத்தவன் தீர்மானிப்பான். 2015இல் றோயல் றம்பிள் என்ற பெரிய ஆட்டத்தில் ரோமன் ரெயின்ஸ் என்ற ரெஸ்லரை நாயகனாக்கிக் காட்டப் பார்த்தார்கள். பிலடெல்பியா சனம் கூரை பிய்யக் கூ அடித்தது. பெயர் போன ரெஸ்லர் த ரொக் வந்து அவருடைய கையைத் தூக்கிப் பிடித்தும் அடங்கவில்லை. 2002இல் ரொறன்ரோவில் நேர்மாறு. (அப்போதே நம் ஆட்கள் நிறைந்த ஊர்.) ஹல்க் ஹோகன் கெட்டவராக வந்தார், ரொக் நல்லவர். 68,000க்கு மேற்பட்ட சனம் ஹோகனுக்குத் தொண்டை கிழியக் கத்தி, நல்லவருக்குக் கூ அடித்தது. சின்ன வயதில் நெஞ்சில் வைத்திருந்த ஆளைக் கெட்டவனாகப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அன்றிரவே ஹோகனை நல்லவராக்கி விட்டார்கள்.

ஹீலாக வருகிறவர் கூவைச் சம்பளத்துக்கு வாங்குகிறார். விழாவிட்டால்தான் அவருக்குக் கவலை. நம் நம்பியாரை நினைத்துப் பாருங்கள். படம் பார்த்த பெண்கள் மண் அள்ளித் தூற்றாத குறை. வெளியிலோ வருஷா வருஷம் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போன குருசாமி அவர். வில்லன் வேஷம் படப்பிடிப்போடு கழன்றுவிடும். உங்கள் கணவர் வேஷத்தைக் கழற்றி வைப்பது எந்த அறையில்? இந்தப் பாத்திரம் வேண்டுமா என்று யாராவது அவரைக் கேட்டீர்களா?

தங்கை மகன் எனக்கு ஒன்று சொல்லித் தந்தான். கூவிலும் இரண்டு சாதி இருக்கிறதாம். ஒன்று, 'நீ கெட்டவனாக நன்றாகச் செய்கிறாய்' என்ற கூ. மற்றது, 'உன்னைப் பார்க்கவே விருப்பமில்லை, போய்த்தொலை' என்ற கூ. காதில் விழும்போது இரண்டும் ஒரே சத்தம். வருஷக்கணக்காக மேடை ஏறுகிறவர்களே எது எதென்று தடுமாறுவார்களாம். பையும் கையுமாகக் கதவடியில் நிற்கிற உங்கள் கணவர் அதைப் பிரித்து அறிந்துகொள்வார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

சரி, அவரை ஹீலாக எழுதியது யார்? உங்கள் கடிதத்தையே எடுத்து வாசியுங்கள். 'அப்பாவிடம் சொல்வேன் என்று வெருட்டித்தான்.' பின்னேரம் முழுக்கச் சிரித்துக் கதைக்கும் அம்மா நீங்கள். தண்டனை எட்டரை மணிக்குச் சாவியோடு வருகிறது. எதற்கும் ஏச்சுத் தர வேண்டிய வேலையை, அந்த நேரம் வீட்டிலேயே இல்லாத ஆளின் பெயரில் எழுதி வைத்துவிட்டு, அவர் வந்ததும் பிள்ளைகள் கூ அடித்தால் பகிடி என்கிறீர்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் நல்ல ரசிகர்கள், எழுதியவர் காட்டிய இடத்தில் சரியாகக் கத்துகிறார்கள்.

அந்த எட்டரையும் எனக்கு உறுத்துகிறது. கந்தோரில் வேலை கூட என்றால் இருக்கலாம், நான் போய் விசாரிக்கவில்லை. ஆனால் பின்னேரம் வெள்ளவத்தையில் மரைன் டிரைவைக் கடந்து, ரயில் பாதைக்கு அங்கால் கல்லில், சப்பாத்தோடும் பையோடும் தனியாக இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆம்பிளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிறதோ. உங்கள் வீட்டில் இந்தக் கூ எந்த மாதம் தொடங்கியது, அவர் பிந்தி வரத் தொடங்கியது எந்த மாதம் என்று கலண்டரைப் பார்த்து உங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

என் கொள்கை பழையது, பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். தகப்பனுக்குப் பிள்ளை கொடுக்கும் மரியாதையைத் தாய்தான் ஊட்ட வேண்டும். தாய்க்குரியதைத் தகப்பன் ஊட்ட வேண்டும். (அதைச் செய்யாத ஆண்களைப் பற்றி வரும் கடிதங்களுக்கு இதைவிட மோசமாக ஏசியிருக்கிறேன்.) என் அப்பா புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். சிடுமூஞ்சி. வெங்காயமும் செத்தல் மிளகாயும் மணக்க மணக்க வருவார். அம்மாவுக்கும் அவருக்கும் நடக்காத சண்டையில்லை. ஆனால் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எங்களில் ஒருத்தி செம்பில் தண்ணி கொண்டு போக வேண்டும். சண்டை பிடித்த நாளிலும் போக வேண்டும். அப்பா நல்லவர் என்று அம்மா ஒரு நாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. தண்ணியைக் கொண்டு போ என்று மட்டும் சொன்னார்.

உங்கள் கணவர் கைநீட்டுகிறவர், குடித்துவிட்டு வருகிறவர் என்றால் வேறு கடிதம் எழுதுங்கள், பதிலும் வேறாக இருக்கும். இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

மூத்தவன் சாப்பிடாமல் இருந்த கதைக்கு வருகிறேன். 2025 டிசம்பர் 13, வொஷிங்டன், சீனாவின் கடைசி ஆட்டம். எதிராளி குந்தருடைய பிடியில் அகப்பட்டுக் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இந்த சீனா பல வருஷம் அரங்கின் ஒரு பாதி கைதட்ட மறு பாதி கூ அடித்த ஆள். அந்தக் கூவைக் கேட்டுக்கொண்டே, கடும் நோயுள்ள பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்பு ஒன்றுக்காக 650க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சந்தித்தவர். அன்று அவர் தோற்றதும் சனத்தின் ஆத்திரம் குந்தரோடு நிற்கவில்லை. கதைகளுக்குப் பொறுப்பான ட்ரிபிள் எச் வெளியே வந்ததும் அரங்கமே அவருக்குக் கூ அடித்தது. அடித்தவன் இருக்க, எழுதியவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று மூத்தவனிடமே கேளுங்கள், அரை மணித்தியாலம் விளக்குவான். கேட்டுக்கொண்டிருக்கும்போது இதையும் யோசியுங்கள்: அவனுக்கு இன்றைக்கு 15. இன்னும் பத்து வருஷத்தில் உங்கள் வீட்டுக் கதையை யார் எழுதியது என்றும் அவன் கண்டுபிடிப்பான்.

இனிச் செய்ய வேண்டியது. இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தி, முதலில் உங்கள் பிழையைச் சொல்லுங்கள். "நான் சிரித்தது பிழை. இனி இந்த வீட்டில் அப்பாவுக்குக் கூ இல்லை." மியூசிக்கும் அறிவிப்பும் இருக்கட்டும். சின்னவனுக்கு அது நன்றாக வருகிறது போலிருக்கிறது, நிறையில் மட்டும் ஐந்து கிலோவைக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். முடிவில் கைதட்டு. முதல் நாள் அவர் உங்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். இரண்டாவது நாளும் பார்ப்பார்.

'அப்பாவிடம் சொல்வேன்' என்ற வசனம் இன்றோடு சரி. ஏச வேண்டியதை அந்த நேரத்திலேயே நீங்கள் ஏசுங்கள், பிள்ளைகளுக்கு உங்களைக் கொஞ்ச நாள் பிடிக்காமல் போனால் போகட்டும். மெத்தைப் பாய்ச்சலை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ரெஸ்லிங்காரர்கள் விழுவதற்கென்றே வருஷக்கணக்காகப் பழகியவர்கள். அப்படியிருந்தும் 1997இல் தலைகீழாகப் பிடித்துக் குத்தும் ஒரு பிடியில் ஸ்டீவ் ஒஸ்டினின் கழுத்து பழுதானது. கை தேர்ந்த இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது அது. உங்கள் வீட்டில் கீழே டைல்ஸ்.

ரெஸ்லிங்கை நிறுத்த வேண்டாம். ஓ.எல். முடியும் வரை கிழமைக்கு ஒரு நாள், செவ்வாய் விடிய மட்டும். ஐந்தரைக்குத் தானாக எழும்பத் தெரிந்தவனுக்கு மற்ற நாளும் ஐந்தரைக்கு எழும்பிக் கணக்குச் செய்யத் தெரியும், அதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள். அந்தச் செவ்வாய்க்கு அவரையும் எழுப்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து நடுவில் இருத்துங்கள். நடுவர் ஏன் எப்போதும் வேறு பக்கம் பார்க்கிறான் என்று கேட்டுப் பிள்ளைகளின் உயிரை எடுப்பார். எடுக்கட்டும்.

அவர் வீட்டுக்கு வரும் நேரத்தை நாளையிலிருந்து ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரு மாதம் போன பிறகு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.