கோட்டை எங்கேயும் போய்விடவில்லை

கேள்வி: தஞ்சாவூரில் பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு முழுநாள் தெருத்தெருவாக நடந்தேன். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, கட்சி பேனர். தெருவுக்குத் தெரு வரலாறு இருக்கிறது என்று எழுதுகிறீர்களே, அது எந்தத் தெருவில் இருக்கிறது?
(மன்னார்குடி வாசகர் ஒருவர்)

பதில்: நீங்கள் நடந்த அதே தெருவில்தான். கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கடைதான் கண்ணில் படும்.

முதலில் கட்டடத்தைத் தேடாதீர்கள், தெருவின் போக்கைப் பாருங்கள். கட்டடம் இடிந்துபோகும், தெருவின் கோடு அத்தனை சீக்கிரம் மாறாது. தஞ்சையில் கீழ அலங்கம், வடக்கு அலங்கம் என்று தெருக்கள் இருக்கின்றன. ஆட்டோக்காரரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம். நாயக்கர் காலத்துப் பெரிய கோட்டையின் சுவர் பெரும்பாலும் போய்விட்டாலும், அது ஓடிய கோடு தெருவாகக் கிடக்கிறது. நேராகப் போன தெரு காரணமில்லாமல் வளைகிறதா, ஒரு வரிசை வீடுகளின் கொல்லைப்புறம் மட்டும் சட்டென்று பள்ளத்தில் இறங்குகிறதா, அந்தப் பள்ளத்தில் சாக்கடை ஒன்று ஊருக்குத் தேவையில்லாத அகலத்தில் போகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்திருந்தால் அகழிக்கரையில் நிற்கிறீர்கள் என்று நம்பலாம். ஒன்று மட்டும் இருந்தால் பொறுங்கள். பழைய வாய்க்காலும் அப்படித்தான் வளையும்.

கீழவாசல் வரை போனவர் பீரங்கி மேட்டில் ஏறினீர்களா? இராசகோபாலப் பீரங்கி அங்கே கிழக்கே பார்த்துக் கிடக்கிறது. இரகுநாத நாயக்கர் காலத்துச் சரக்கு. நீளம் ஏறத்தாழ 7.5 மீட்டர், எடை 20 டன்னுக்கு மேல். இதை வார்த்ததாக எழுதுகிறார்கள், தவறு. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒவ்வொன்றாக ஏற்றி அடித்து இணைத்தது. வளையம் ஆறும்போது சுருங்கிப் பட்டைகளை இறுக்கிக்கொள்ளும். உடம்பின் மேல் கையை ஓட்டினால் வளையத்துக்கு வளையம் விளிம்பு தட்டுப்படும்.

அடுத்தது தண்ணீர். முன்பெல்லாம் மேற்கே செவ்வப்பநாயக்கன் ஏரியில் சேர்ந்த மழைநீர் தெளிந்து சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக மேலவீதி அய்யன்குளம், சாமந்தான்குளம் என்று ஊருக்குள் இறங்கும். ஜலசூத்திரம் என்று பெயர். மோட்டார் கிடையாது, வாட்டம் மட்டும்தான். ஒரு குளத்தைப் பார்த்தால் படிக்கட்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், சுவரில் தண்ணீர் நுழையும் மதகுவாய் எங்கே, மிச்சம் வெளியேறும் வாய் எங்கே என்று தேடுங்கள். நுழையும் வாய் எப்போதும் சற்று உயரத்தில் இருக்கும். அந்தத் திசையில் நடந்தால் அடுத்த குளமோ கிணறோ அகப்படும்.

இந்த வாய்களைத்தான் ஊரார் "சுரங்கப்பாதை" என்பார்கள். ராணி தப்பித்துப் போன வழி என்று கதையும் சொல்வார்கள். டெல்டாவில் சுரங்கம் என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி தண்ணீர்க் கால்வாய்தான். ஆள் குனிந்தும் நுழைய முடியாத அகலம், அடியில் வண்டல், ஒரே பக்கமாகச் சரிவு என்றால் வேறு சாட்சி வேண்டாம். உள்ளே தலையை விடாதீர்கள்; விஷவாயு தேங்கியிருக்கும். கும்பகோணம் பக்கம் நாலடி தோண்டினால் நீர் ஊறும் மண்ணில் மைல் கணக்கில் சுரங்கம் வெட்டியிருப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

கல்வெட்டுப் படிக்க நேரம் முக்கியம். பலரும் விடியற்காலையில் கிழக்குச் சுவர் முன்னால் போய் நிற்கிறார்கள். வெயில் நேராக முகத்தில் அறைவதால் பள்ளத்தில் நிழல் விழாது. எழுத்து இருப்பதே தெரியாது. கிழக்குச் சுவருக்கு 11 மணிக்கு மேல், மேற்குச் சுவருக்கு 1 மணி வாக்கில் போங்கள். வெயில் மேலிருந்து உரசி இறங்கும். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதக் காலை 7 மணி. வடக்குச் சுவருக்கு வைகாசி, ஆனியில் விடிந்த கையோடு. கொடுங்கை (சுவருக்கு மேல் வெளியே நீண்ட கல்விளிம்பு) நிழல் மறைத்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ், கோலமாவு, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். மாவு பூசினால் உங்களுக்குத் தெரிகிற எழுத்து நீங்கள் நினைத்த எழுத்தாகத்தான் இருக்கும். எண்ணெய் அழுக்கைப் பிடித்துவைக்கும்.

ஆண்டுக் கணக்கு தெரியாமல் சத்திரத்தையும் படித்துறையையும் படிக்க முடியாது. சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். கலியுக ஆண்டில் 3101 கழியுங்கள். பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டோடு 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் பிறக்கும். பிரபவ ஆண்டு என்று மட்டும் இருந்தால் 1867, 1927, 1987 மூன்றும் பொருந்தும். கல்லின் மற்ற சங்கதிகளைக் கொண்டு முடிவுகட்ட வேண்டும். சக 1789, கலி 4968, பிரபவ எல்லாம் ஒரே கல்லில் இருந்தால் 1867-68 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தை, மாசி என்று மாதம் இருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும். இதை மறந்துதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

மைல்கல்லில் 'உரு' என்று இருந்தால் அது சொல் அல்ல, 25. தமிழ் எண்கள் எழுத்துப்போலவே இருக்கும்: க ஒன்று, உ இரண்டு, ரு ஐந்து, எ ஏழு, அ எட்டு. பழைய முறையில் 1867 என்பது ௲௮௱௬௰௭; இதில் ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து.

இரும்பையும் விடாதீர்கள். வேலிக்கும் விளக்குக்கும் நட்டிருக்கும் பழைய தண்டவாளத் துண்டின் இடுப்புப் பகுதியில் தயாரிப்பாளர் பெயரும் தயாரித்த ஆண்டும் புடைத்திருக்கும். எஸ்.ஐ.ஆர். என்றால் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே. பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்ட வேண்டாம். விரலால் தடவினாலே போதும். பழைய தேவாலயம், பாலம், ரயில் நிலையம் இவற்றின் அடித்தளக் கல்லில் ஜி.டி.எஸ்., பி.எம். என்று வெட்டியிருந்தால் அது நில அளவைத் துறையின் உயரக் குறி. அந்த அளவைக்குத் தஞ்சையில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1808இல் அந்த அளவையை நடத்திய லாம்ப்டன் தன் அரை டன் தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி நெளிந்தது. அவரே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய 1779ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் தேவாலயத்தைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். உள்ளே, சாகக் கிடக்கும் சுவார்ட்ஸ் பாதிரியாரின் கையைச் சரபோஜி மன்னர் பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம், இங்கிலாந்தின் பிளாக்ஸ்மன் செதுக்கியது. கதவு பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள்.

திருச்சிக்கும் இதே கணக்குத்தான். மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு ரோடுகள் கோட்டை மதிலும் அகழியும் இருந்த தடம். மெயின்கார்டு கேட் மேற்கு வாசல். காந்தி மார்க்கெட் போர் நினைவுச் சின்னத்தில் 1914-1919 பெரும்போருக்கு இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்று கல்லில் இருக்கிறது. வாழைத்தார் விலை கேட்கிற கூட்டத்துக்கு நடுவே நின்று படிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கல் கிடக்கும் இடம் அது பிறந்த இடம் என்று எழுதிவிடாதீர்கள். திருப்பணியில் கழித்த கல் படித்துறைக்கும், படித்துறைக் கல் துணி துவைக்கவும் போகும். வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், எழுத்து தலைகீழாக இருந்தால், இடம் மாறிய கல். 1906இல் வந்த தஞ்சை மாவட்ட கெசட்டியரை (அரசின் மாவட்ட விவர நூல்) ஒருமுறை புரட்டிவிட்டுக் கிளம்பினால் பாதிக் கேள்வி வீட்டிலேயே தீரும். புதிதாக ஏதாவது அகப்பட்டால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மூன்று படம் எடுங்கள்: கல் மட்டும், கல்லும் சுவரும், சுவரும் தெருவும். அவற்றைத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஃபேஸ்புக்கில் இடத்தைக் குறித்துப் போட்டால், மறுவாரம் புதையல் கோஷ்டி கடப்பாரையோடு வந்துவிடும்.