கர்ஜத்தில் ரயிலுக்குப் பின்னால் எஞ்சின் மாட்டுவது ஏன்?

மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ போகும் வண்டியைத்தான் கேட்கிறீர்கள். முன்னால் எஞ்சின் இருக்கும்போதே, மலையடிவாரத்து ஸ்டேஷனான கர்ஜத்தில் வால் பக்கம் இன்னும் இரண்டு மூன்று எதற்கு? வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று பெட்டிக்குள் யாராவது கிளப்பிவிடுவார்கள். நம்பாதீர்கள்.

கர்ஜத்திலிருந்து மலைமேல் இருக்கும் லோனாவாலா 28 கிலோமீட்டர்தான். அதற்குள் வண்டி 500 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். சரிவு 37க்கு 1, அதாவது 37 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். பஸ்ஸுக்கு இது ஒரு மேடே இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்குமே, அங்கேதான் சிக்கல். மொத்தப் பாரத்தையும் முன்னாலிருந்தே இழுத்தால் முதல் பெட்டியின் கப்ளிங், அதாவது இணைப்புக் கொக்கி, திணறிவிடும். அதனால் பின்னாலிருந்தும் தள்ளுகிறார்கள். நடுவில் கப்ளிங் அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு இறங்காமல் இந்த எஞ்சின்கள் பிடித்துக்கொள்ளும். இவற்றைத்தான் பேங்கர் என்பார்கள்.

போர்காட் என்ற இந்த மலைப்பாதை 1863இல் திறந்தது. 1861 வாக்கில் 42,000 பேருக்கு மேல் இங்கே வேலை செய்தார்கள். காலராவில் செத்தவர்கள் ஏராளம். காண்ட்ராக்டர் சாலமன் டிரெட்வெல் 1859இல் வந்த கையோடு இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் பொறுப்பேற்று வேலையை முடிக்க வைத்தார். பள்ளிப் பாடத்தில் 1853இல் போரிபந்தர்–தாணே இடையே ஓடிய முதல் பயணிகள் ரயில் மட்டும் வருகிறது, இந்த அம்மாள் வருவதில்லை.

நீராவி எஞ்சின் காலத்தில் மலை நடுவே ஒரு ரிவர்ஸிங் ஸ்டேஷனே இருந்தது. வண்டி அங்கே நின்று, எஞ்சின் மறுமுனைக்கு மாறி, எதிர்த்திசையில் ஏறும். மும்பையில் கரண்ட் ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி. (இன்றைய சி.எஸ்.எம்.டி.)–குர்லா இடையே 1500 வோல்ட் டி.சி.யில் ஓடத் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் அந்த ஒயர் மலையேறியது, ரிவர்ஸிங்கும் ஒழிந்தது. 1930இல் மும்பை–புனே டெக்கான் குயின் ரயில் வந்தது. அந்தக் காலத்துச் சரக்கு எஞ்சின் ஒன்று டெல்லி ரயில் மியூசியத்தில் நிற்கிறது. நீண்ட மூக்கு, சக்கரங்களை இணைக்கும் தண்டு என்று பார்க்க விசித்திரமாக இருக்கும். இப்போது எல்லாம் 25,000 வோல்ட் ஏ.சி. அப்படியும் பேங்கர் போகவில்லை, மலை அதே மலைதானே.

அப்புறம், மலையிறங்கித் திரும்பி வரும்போது வழியில் மங்கி ஹில் பக்கம் வண்டி சும்மா நிற்பதாகப் பலர் அலுத்துக்கொள்வார்கள். அது பிரேக் சோதனை. அங்கே வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் வழக்கமாக மேட்டில் ஏறி முடியும் கிளைப்பாதைக்கே திரும்பியிருக்கும். வண்டி நின்று காட்டினால்தான் மெயின் லைனுக்கு மாற்றுவார்கள்.