கொழுப்பு காட்டும் எடை மெஷின் வாங்கலாமா, டேப்பே போதுமா?

கேள்வி: வயது 42, உயரம் 170 செ.மீ. உடல் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் ஸ்மார்ட் எடை மெஷின் வாங்க நினைக்கிறேன். நண்பர் வீட்டில் ஏறிப் பார்த்தேன், காலையில் 27 சதவீதம், சாயங்காலம் 24. இதை நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், இடுப்பை அளக்க ஒரு டேப் வாங்குங்கள்.

அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரு காலில் லேசான மின்சாரத்தை விட்டு மறு காலில் வாங்கி, நடுவில் எவ்வளவு தடை என்று பார்த்து, நீங்கள் பதிந்த வயதையும் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்தது, வியர்த்தது, நாள் முழுக்க நின்றதில் காலில் நீர் இறங்கியது என எல்லாமே அந்தத் தடையை மாற்றும். ஒரே நாளில் மூன்று சதவீதம் கொழுப்பு கரையவே கரையாது. அதோடு, பாதத்தில் மட்டும் தகடு உள்ள மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் கால் வழியாகவே போய்விடும், நாம் பயப்பட வேண்டிய கொழுப்போ வயிற்றில் இருக்கிறது.

டேப் கணக்கு எளிது. உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 20 ஆல் பெருக்கி, ஆண் என்றால் 64 இலிருந்தும் பெண் என்றால் 76 இலிருந்தும் கழியுங்கள். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சூத்திரம் இது. நீங்கள் ஆண், இடுப்பு 94 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கொழுப்பு சுமார் 28 சதவீதம் என்று வரும். இதுவும் மதிப்பீடுதான், ஆனால் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று இவ்வளவு குதிக்காது.

பேன்ட் சைஸை மட்டும் போட்டுவிடாதீர்கள், பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும், அதற்குச் சற்று மேலே, சட்டையைத் தூக்கி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். டேப் முதுகுப் பக்கம் சரிந்திருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தையல் டேப் போதும், ஆனால் பழைய துணி டேப் இழுபட்டிருக்கும், ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

சதவீதத்தை விடுங்கள், இடுப்பு அளவே நிறையச் சொல்லும். இந்தியர்களுக்கு ஆண் 90, பெண் 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது, எடை சரியாக இருந்தாலும்.

அப்புறமும் மெஷின் வாங்கினால், பேஸ்மேக்கர் வைத்தவர்களை அதில் ஏற விடாதீர்கள்.