சின்ன விஷயங்களின் கடவுள்: அதில் வரும் கதகளியும் படங்களும் பாட்டுகளும் தெரியாமல் படிக்கலாமா?

அருந்ததி ராயின் நாவலைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் கதகளி, ஹாலிவுட் படம், ஷேக்ஸ்பியர், மலையாளப் பாட்டு என்று வருகிறது, இதெல்லாம் தெரிந்தால்தான் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாமலேயே படிக்கலாம். எஸ்தா, ராஹேல் என்ற அந்த இரட்டைக் குழந்தைகளின் துக்கம் புரிவதற்கு எந்தப் புத்தகத்தையும் முன்கூட்டிப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கதைகள் தெரிந்திருந்தால் நாவலின் அடிநாதம் இன்னும் நன்றாகப் பிடிபடும் என்பேன். ஒன்று கர்ணன் கதை, மற்றொன்று செம்மீன். ஒன்று நம் வீட்டுக் கதை, மற்றொன்று பக்கத்து வீட்டுக் கதை. அந்த விதத்தில் தமிழ் வாசகர் கொடுத்துவைத்தவர்.

நாவல் 1997-இல் வந்தது, அதே ஆண்டு புக்கர் பரிசும் பெற்றது. தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்த்திருக்கிறார். கோட்டயத்துக்குப் பக்கத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் இருக்கும் அய்மனம் ஊரில் 1969 டிசம்பரில் நடந்ததையும், 1993-இல் இரட்டையர் திரும்ப அங்கே சந்தித்துக்கொள்வதையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. (இரட்டையரின் மாமா மகள் சோஃபி மோள் இறந்துபோவது முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். அதனால் கீழே நான் சொல்லப்போவது சுவாரஸ்யத்தைக் கெடுக்காது என்று நம்புகிறேன்.)

இந்த நாவலில் வரும் குறிப்புகளை நான் இரண்டு வகையாகப் பார்க்கிறேன். மேற்கிலிருந்து வருபவை, இந்தக் குடும்பம் எந்த வாசலில் போய் நிற்க ஆசைப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன. மண்ணிலிருந்து வருபவை, இவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்கின்றன.

முதல் வகையில் என்னை மிகவும் உலுக்கியது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வரும் இடம். கொச்சியில் அபிலாஷ் டாக்கீஸுக்குக் குடும்பமே அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறது. ஏற்கெனவே பார்த்த படம்தான். ஏழு வயது எஸ்தா எல்விஸ் மாதிரி தலைவாரி, கூர்மூக்கு ஷூ போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கூடவே பாடித் தொந்தரவு செய்கிறான் என்று வெளியே அனுப்புகிறார்கள். வெளியே குளிர்பானம் விற்கிறவன் அவனிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறான். திரும்பி வந்து உட்கார்ந்தால் திரையில் சுத்தமான ஏழு வெள்ளைக் குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் அப்பா, இந்த இரட்டையரைப் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளலாமா என்று விசாரித்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடுவதாக எஸ்தாவின் மனம் கற்பனை செய்கிறது. படத்தைப் பார்த்திராவிட்டாலும் இந்தக் காட்சி வலிக்கும். பார்த்திருந்தால் அந்தப் பாட்டுகளை அப்புறம் பழைய மாதிரி கேட்க முடியாது.

அடுத்தது ஆங்கில எழுத்தாளர் கான்ராடின் 'இருளின் இதயம்' நாவல். ஆற்றுக்கு அக்கரையில் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வீடு. உள்ளூர்க்காரனாகவே மாறிப்போன கரி சாய்ப்பு என்ற வெள்ளைக்காரன் வாழ்ந்த இடம். கான்ராடின் நாவலில் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் போய் மாறிப்போகும் வெள்ளைக்காரன் கர்ட்ஸோடு ராய் அவனை நேரடியாகவே ஒப்பிடுகிறார். கான்ராடைப் படிக்காவிட்டால் பாதகமில்லை. அந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள். இரட்டையரின் தாய் அம்முவை நேசித்த, தலித்தான வெளுத்தாவைப் போலீஸ்காரர்கள் அங்கேதான் அடித்து நொறுக்குகிறார்கள், இரட்டையரின் கண்ணெதிரில். 1993-இல் அதே இடம் சுற்றுலா ஹோட்டலாகிவிடுகிறது. பல மணி நேரக் கதகளியை அங்கே நீச்சல்குளத்துப் பக்கம் இருபது நிமிடமாகச் சுருக்கி ஆடுகிறார்கள்.

கதகளி அத்தியாயத்தை அவசரப்படாமல் படியுங்கள், நாவலின் உயிர் அங்கே இருக்கிறது. ஹோட்டலில் ஆடிவிட்டு வரும் கலைஞர்கள், கதையைக் கூறுபோட்டதற்குத் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்பதற்காக அய்மனம் கோயிலில் இரவு முழுக்க ஆடுகிறார்கள். முதலில் கர்ண சபதம். குந்தி வந்து, நீ என் பிள்ளை என்கிறாள், பாண்டவர்கள் உன் தம்பிகள் என்கிறாள், அவர்களோடு போரிடாதே என்று வாக்குக் கேட்கிறாள். அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்லமாட்டேன் என்கிறான் கர்ணன். சிவாஜியின் கர்ணனில் நாம் கண்கலங்கிய அதே கட்டம்தான். ஆனால் ராய் அங்கே குந்தியின் வாயிலாகக் கொண்டுவருவது 'அன்பின் சட்டங்களை'. யாரை நேசிக்கலாம், எப்படி, எவ்வளவு என்று விதிக்கும் சட்டங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவைத்தாரே, அதே சட்டங்கள்.

இதைப் படித்தபின் காவல் நிலையக் காட்சிக்குத் திரும்பிப் பாருங்கள். அம்மாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால், போலீஸ் வெளுத்தாவைப் பற்றிக் கேட்கும்போது ஆமாம் என்று சொல், போதும் என்கிறாள் அம்முவின் அத்தை பேபி கொச்சம்மா. எஸ்தா சொல்கிறான், வெளுத்தாவின் கதை முடிகிறது. தாயின் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கிய வாக்கு. கர்ணனிடம் குந்தி வாங்கியதும் அதுதானே? ராய் இதை எங்கும் எடுத்துச் சொல்வதில்லை. இது என் வாசிப்பு, ஆனால் உறுதியாக நம்புகிறேன்.

அதே இரவில் பீமன் துச்சாதனனைக் கொல்கிறான். வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்தவர்களுக்கு அந்த ஆவேசத்தை விளக்க வேண்டியதில்லை. பெருங்கதைகளுக்கு முடிவு தெரிந்திருந்தாலும் மறுபடி கேட்கத் தோன்றும் என்று அந்த அத்தியாயத்தில் ராய் சொல்வதும், விடிய விடிய கர்ண மோட்சம் பார்க்கிற ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் கலையைப் புனிதமாக்கி அவர் நிறுத்திக்கொள்வதில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தக் கலைஞர்கள் வீட்டுக்குப் போய் மனைவியை அடிக்கிறார்கள், குந்தி வேடம் போட்டவரும்கூட.

செம்மீனுக்கு வருவோம். தகழியின் நாவல் 1956-இல் வந்தது, தமிழில் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். ராமு காரியாட் எடுத்த படம் 1965. கரையில் இருக்கும் மனைவி தவறினால், கடலுக்குப் போன கணவனைக் கடலம்மை கொண்டுபோய்விடுவாள் என்ற நம்பிக்கையைச் சுற்றிய கதை. ராயின் நாவலில் அம்மு ரேடியோவில் கேட்பது அந்தப் படத்தின் பாட்டு. விவாகரத்தான ஒரு சிரியன் கிறிஸ்தவப் பெண், ஆற்றங்கரையில் வெளுத்தாவைத் தேடிப் போகப்போகிறாள். அந்த நேரத்தில் இந்தப் பாட்டு வருகிறது என்றால், ஊர் தரப்போகும் தண்டனையை அது முன்கூட்டியே பாடிவிடுகிறது. பாட்டைத் தேடி ஒருமுறை கேட்டுவிட்டு அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.

கேட்ஸ்பி, ஜங்கிள் புக், கம்யூனிஸ்ட் தலைவர் கே.என்.எம். பிள்ளையின் வீட்டில் லெனின் என்ற சிறுவன் ஒப்பிக்கும் ஷேக்ஸ்பியர் வசனம் எல்லாம் தெரியாவிட்டால் தாண்டிப் போங்கள். இடத்தைப் பார்த்தே அர்த்தம் விளங்கிவிடும்.

யாரும் அடிக்கோடிட்டுக் காட்டாத ஒரு குறிப்பும் உண்டு, அது ஒரு சட்டம். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுதான். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் வென்ற மேரி ராய், அருந்ததியின் தாய். நாவலை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். கதை நடக்கும் 1969-இல் அந்தத் தீர்ப்பு வரவில்லை. ஊறுகாய்த் தொழிற்சாலையில் அம்முவும் பாடுபடுகிறாள், ஆனால் அண்ணன் சாக்கோ அதை என் தொழிற்சாலை, என் ஊறுகாய் என்றுதான் சொல்வான். அந்த வரிகளை இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள்.