பிரெட்ரிக் கோட்டை யார் கட்டியது?

கேள்வி: திருகோணமலைக் கோட்டையைச் சிலர் ஒல்லாந்தர் கட்டியது என்கிறார்கள், சிலர் ஆங்கிலேயர் என்கிறார்கள். எது சரி?
வாசகி, உப்புவெளி

பதில்: தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்கு வைத்தார்கள். வாசலில் பாண்டியர் சின்னமான இரட்டைக் கயல் (இரண்டு மீன்கள்) பொறித்த கல் இன்றும் இருக்கிறது. அடுத்தமுறை கோட்டைக்குள் இப்போது இருக்கும் கோயிலுக்குப் போகும்போது மான்களைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் அதையும் பாருங்கள், மனம் கனத்துப் போகும். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிற்பாடு திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர். 1803இல்தான் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரால் பிரெட்ரிக் கோட்டை ஆனது.

சரி, எதற்காக இத்தனை அடிபிடி? எல்லாம் துறைமுகத்துக்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பினால் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை; கோணேசர் மலைக்குத் தெற்கே இருக்கிற டச்சுக் குடாவும் திறந்த கடல்தான், ஆனால் உள்துறைமுகம் அப்படியில்லை, சுற்றிலும் மலை, நல்ல ஆழம், எந்தக் காற்றிலும் கப்பல் பத்திரமாக நிற்கும். அதன் வாயைக் காக்கத்தான் ஒல்லாந்தர் மேட்டில் ஒஸ்டன்பேர்க் கோட்டையைத் தனியாக வைத்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதைப் பிடிக்க, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் வந்து பறித்துக்கொண்டார்கள். இன்று அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடங்கள் அனுமதி கேட்டுக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.